அடுப்படிச் சுவர்

ஃபேனைப் போட வேணாம் தம்பி. வேர்க்கும், தெரியும். திருச்சியில புரட்டாசி மாசத்துல ஃபேன் இல்லாம உக்காரச் சொல்றானே இந்த ஆளுன்னு நினைக்காதீங்க. பாட்டுச் செட்டு வாங்க வந்திருக்கீங்க, கேட்டுட்டுத்தானே வாங்கணும். ஃபேன் ஓடினா அந்தச் சத்தமே நாப்பத்தாறு டெசிபல். அளந்து பாத்துட்டேன். போன்ல நீங்க என்ன சொன்னீங்க? அடுக்குமாடி வீடு, எட்டு மாசக் கைக்குழந்தை, சத்தமா வெக்க முடியாது, மெதுவா வெச்சாலும் பாட்டு பாட்டா இருக்கணும்னு சொன்னீங்க. நாப்பத்தாறு தலைக்கு மேல சுத்திக்கிட்டிருந்தா, மெதுவா வெச்ச பாட்டு எங்கேருந்து கேக்கும்?

அந்தச் சேர்ல உக்காருங்க. நகத்தாதீங்க, நகத்தாதீங்க. தரையில சாக்பீஸ் கோடு தெரியுது பாருங்க, நாலு காலும் அந்தக் கோட்டுக்குள்ள இருக்கணும். ஆங், அப்படி.

உங்களுக்கு முன்னாடி விளம்பரம் பாத்துட்டு மூணு பேர் வந்தாங்க. மூணு பேருமே வந்த உடனே குமிழைப் பிடிச்சு முழுசாத் திருப்பறாங்க. சத்தமா வெச்சா எந்த டப்பாவும் நல்லாத்தான் இருக்கும், அதுல என்ன இருக்கு? அவங்களுக்குக் குடுக்க மாட்டேன்னு அனுப்பிட்டேன். நீங்கதான் முதமுதல்ல மெதுவா எப்படி இருக்கும்னு கேட்டீங்க. அதான் வரச் சொன்னேன்.

என் பேரு அறவாழி. கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் சோதிக்கிற லேப்ல முப்பத்தோரு வருஷம். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. மீட்டர் ஓடுதுன்னு எவன் வேணா சொல்லலாம், சரியா ஓடுதான்னு சொல்றதுதான் எங்க வேலை. அதனால அளக்காம நான் ஒண்ணும் பேச மாட்டேன். பழகிப்போச்சு.

செட்டு நான் தொண்ணூத்தி ரெண்டுல வாங்கினது. கல்யாணத்துக்கு முன்னாடி. ஆம்ப்ளி ஒண்ணு, ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டு. ஒருதரம் கூட ரிப்பேருன்னு திறந்து சால்டரிங் வெச்சதில்ல. பையன் பத்தாவது படிக்கறப்ப இந்த ரூமுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டான். இது அவன் ரூம். பரிதி. இளம்பரிதின்னு பேரு. போன வருஷம் ஆவணியில தவறிட்டான். டூவீலர், பட்டப்பகல் பதினோரு மணி. இருபத்தி மூணு வயசு.

உக்காருங்க, உக்காருங்க. எல்லாரும் இப்படித்தான் எழுந்திரிச்சிடறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அன்னிக்கும் அழுகை வரல, இன்னி வரைக்கும் வரல, அதைச் சொல்லிடறேன். எங்க அக்கா தமிழரசி காதுகிட்ட வந்து, 'அழுதுடுடா, அழுதுடுடா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வந்தா அழ மாட்டேனா? உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்துச்சு. பல் புடுங்கறதுக்கு ஊசி போட்டா வாய் எப்படி இருக்கும், அந்த மாதிரி. இப்பவும் பெருசா மாறிடல. செட்டைப் பத்திப் பேசுவோம்.

இந்தச் சுவர் இருக்கு பாருங்க, மெத்தை சாத்தி வெச்சிருக்கேனே, அதுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. ஒத்தைக்கல் சுவர். அப்ப காசு பத்தலன்னு ஒத்தைக்கல்லா வெச்சுட்டாங்க. பரிதி இந்த ரெண்டு பாக்ஸையும் அந்தச் சுவத்தோட ஒட்டி வெச்சுத்தான் போடுவான். சாயங்காலம் வேலை விட்டு வந்தா ஏழு மணிக்கு ஆரம்பிப்பான். டம்மு டம்முன்னு. வீடே அதிரும். நான் ஹால்ல உக்காந்து, 'சவுண்டைக் குறைடா'ன்னு கத்துவேன். நூறு தடவை கத்துவேன். குறைக்க மாட்டான். காதுலயே விழாதுன்னு சொல்லுவான். ஆனா என் வீட்டுக்காரி வளர்மதி இருக்காளே, அவ கத்தவே மாட்டா. சோறு ஆனதும் அடுப்படியில இருந்து உள்ளங்கையால இந்தச் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா. அவ்வளவுதான். டக்குன்னு பாட்டு நிக்கும். அரை நிமிஷத்துல கதவைத் திறந்துக்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில உக்காந்துடுவான். சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்னா அவனுக்கு உசுரு. அம்மாவும் மகனும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசிக்க மாட்டாங்க. எனக்குக் கடுப்பா இருக்கும், உண்மையைச் சொல்லணும்னா. நான் இவ்வளவு கத்தறேன், அவ ரெண்டு தட்டு தட்டறா.

சரி. காரியம் முடிஞ்சுது. அக்கா சட்டம் போட்டுட்டுப் போனா. வருஷம் திரும்பறவரைக்கும் வீட்ல பாட்டு கூடாது, பண்டிகை கூடாது, டிவியில செய்தி மட்டும் பாத்துக்கோங்கன்னு. எங்க வழக்கம் அது. நாலு பேர் பேசுவாங்க, புள்ளையைத் தூக்கிக் குடுத்த வீட்ல பாட்டு கேக்குதுன்னு. நான் ஒண்ணும் எதிர்த்துப் பேசல. எனக்கும் பாட்டுக் கேக்கணும்னு இல்ல.

ஆனா செட்டு கெட்டுப்போயிடும்ல. பழைய ஆம்ப்ளி தம்பி, மாசக்கணக்கா கரண்ட் ஏத்தாம வெச்சா உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போயிடும். அதுக்காகத்தான் உள்ள வந்தேன். முப்பதாம் நாளோ முப்பத்தஞ்சாம் நாளோ. கதவைச் சாத்திக்கிட்டு, ஜன்னலைச் சாத்திக்கிட்டு, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு லைட் எரிஞ்சுது. ஆம்ப்ளியோட அவன் சேத்து வெச்சிருந்த சின்ன பிளேயர்ல பென்டிரைவ் அப்படியே சொருகின வாக்குல இருந்துச்சு. வால்யூமை இருக்கறதுலயே கம்மியா வெச்சு ஓட விட்டேன்.

சப்புன்னு இருந்துச்சு தம்பி. தகர டப்பாவுக்குள்ள எவனோ பேசற மாதிரி. இதையா இந்தப் பய இத்தனை வருஷம் கேட்டான்னு தோணுச்சு. அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. நீங்களும் தெரிஞ்சுக்கோங்க, உங்களுக்கு உதவும். சத்தத்தைக் குறைச்சா எல்லாம் ஒரே அளவுல குறையறதில்ல. செட்டு ஒழுங்காத்தான் குறைக்குது, நம்ம காதுதான் ஒழுங்கா கேக்கறதில்ல. மெதுவா வெச்சா காது முதல்ல அடித்தாளத்தைக் கை விட்டுடும். அடுத்து மேல இருக்கற கிணுகிணுப்பை விட்டுடும். நடுவுல இருக்கற குரலை மட்டும் பிடிச்சுக்கும். அதனால பாட்டு உடம்பு இல்லாம எலும்பாத் தெரியும். இதுக்குன்னே அந்தக் காலத்து ஆம்ப்ளியில ஒரு பட்டன் வெச்சிருக்கான். இங்க பாருங்க, லவுட்னெஸ்னு. மெதுவா வெக்கறப்ப இதை அமுக்கினா காது விட்டதையெல்லாம் இது தூக்கிக் குடுக்கும். பரிதி சத்தமா வெச்சுக்கிட்டே இதையும் அமுக்கி வெப்பான். அது தப்பு. அதையும் சொல்லியிருக்கேன் அவன்கிட்ட.

அமுக்கினேன். அன்னிக்குத்தான் அந்தப் பாட்டுல ஒரு பறையோ ஏதோ இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. இத்தனை வருஷம் ஹால்ல உக்காந்து கேட்டும் தெரியல.

அதுக்கப்புறம் நான் விடல. இதுல ஒரு முறை இருக்கு. முதல்ல இரைச்சலைக் கொல்லணும். ஃபேனை நிறுத்தணும், ஜன்னலைச் சாத்தணும், டியூப்லைட் சோக் கூட உறுமும், அதையும் அணைக்கணும். ரெண்டாவது, கிட்ட உக்காரணும். பாக்ஸ் ரெண்டும் உங்க தலையும் முக்கோணமா இருக்கணும், ஒன்றரைக் கை தூரம். மூணாவது, பாக்ஸ்ல சின்ன ஸ்பீக்கர் இருக்கே, அது காது உயரத்துக்கு வரணும். அதுக்குத்தான் ஸ்டூல். நாலாவது எதிரொலி. வெறுஞ்சுவத்துல பாட்டு பட்டுத் திரும்பி வந்து குழப்பும். மெதுவா வெக்கறப்ப அது இன்னும் நல்லாத் தெரியும். அதுக்கு என்ன பண்ணேன்னா, பீரோ கதவைத் திறந்து வெச்சேன். உங்களுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க. உள்ள துணி அடைசலா இருந்தா சத்தத்தை அப்படியே குடிச்சிடும். சட்டை, பேன்ட், அவன் போர்வை. அக்கா வந்து, 'இதையெல்லாம் ஒரு ஆசிரமத்துக்குக் குடுத்துடலாம்டா'ன்னா. குடுக்க முடியாதுன்னுட்டேன். அவளுக்கு எதிரொலியைப் பத்தி என்ன தெரியும். ஒரு சட்டையை எடுத்தாலும் வித்தியாசம் வரும். அதனாலதான் குடுக்கல.

பாட்டு எல்லாம் அவன் பாட்டுதான். எனக்கு அதுல ஒண்ணும் பிடிக்காது. ஆனா சோதனைன்னா ஒரே பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடணும், இல்லன்னா எது மாறுச்சுன்னு தெரியாது. தினம் ஏழுல இருந்து எட்டு. அவன் போடற நேரம்னு இல்ல, அந்த நேரம்தான் எனக்கு வேற வேலை இல்ல.

வளர்மதிகிட்ட சொல்லல. துக்க வீட்ல அப்பனே பாட்டுப் போடறான்னு தெரிஞ்சா வருத்தப்படுவா. தெருவுல நின்னு கேட்டேன், ஒண்ணும் கேக்கல. ஹால்ல கேக்கல. அடுப்படியில மட்டும் பாக்கல. அங்க அவ இருக்காளே, அவளை வெச்சுக்கிட்டு எப்படிப் போய்ச் சோதிக்கறது.

கார்த்திகை மாசம் ஒரு நாள். ஏழு பத்து இருக்கும். சுவத்துல ரெண்டு தட்டு.

எனக்கு உயிரே போயிடுச்சு. மாட்டிக்கிட்டேன்னு குமிழை ஜீரோவுக்குத் திருப்பினேன். அப்படியே இந்தச் சேர்ல உக்காந்திருந்தேன். வெளிய போகவே வெக்கமா இருந்துச்சு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன் தம்பி. எட்டு மணிக்கு மேல மெதுவா வந்தேன். அவ போய்ப் படுத்துட்டா. மேசை மேல சாப்பாடு எடுத்து மூடி வெச்சிருந்தா. சோறு, வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். ஆறிப்போயிருந்துச்சு. சாப்பிட்டேன்.

இதுல ஒரு விஷயம். எனக்குச் சர்க்கரை. எட்டு வருஷமா இந்த வீட்ல ராத்திரியானா எனக்குக் கோதுமை தோசைதான். உருளைக்கிழங்கு கண்ணுலயே காட்ட மாட்டா. அன்னிக்கு என்னடான்னா சோறும் கிழங்கும் குமிச்சு வெச்சிருக்கா. மறந்துட்டா போலன்னு நினைச்சுக்கிட்டேன். மனசு சரியில்லாதவங்க மறப்பாங்கல்ல. ஹாட்பாக்ஸ்ல கோதுமை தோசையும் இருந்துச்சு, அதை மறுநாள் காலையிலதான் பாத்தேன்.

மறுநாள் இன்னும் குறைச்சு வெச்சேன். ஏழு பத்துக்கு ரெண்டு தட்டு. ஜீரோ பண்ணிட்டு உக்காந்தேன். வெளிய வந்தா சோறு, கிழங்கு. அதுக்கு மறுநாளும் அப்படியே. தினம் நடக்குது. அவ ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. ரத்தம் எடுத்துப் பாத்தா சர்க்கரை இருநூத்தி அறுபது. டாக்டர் என்னைத்தான் திட்டறாரு. நான் என்ன பண்றது, போட்டு வெக்கறதைத்தானே சாப்பிட முடியும்.

ஒரு நாள் மட்டும் தட்டின உடனே வெளிய வந்துட்டேன். கால் மரத்துப்போச்சு, அதான். அவ மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா. கையில கரண்டி. கதவு திறந்ததும் சட்டுனு எழுந்திரிச்சா. என்னைப் பாத்தா. அப்புறம் எனக்குப் பின்னாடி பாத்தா, கதவுப் பக்கம். நானும் திரும்பிப் பாத்தேன், கதவு சரியாத்தான் இருந்துச்சு. 'நீங்களா'ன்னா. 'வேற யாரு?'ன்னேன். கரண்டியை வெச்சுட்டு உள்ள போயிட்டா. மூஞ்சி எனக்குப் பிடிக்கல. பாட்டுப் போட்டதுக்கு இவ்வளவு கோவமான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் உடனே வர்றதை விட்டுட்டேன்.

அப்பதான் முடிவு பண்ணேன். திட்டு வாங்கிக்கிட்டே கேக்கறதுக்குப் பதிலா, சத்தம் அந்தப் பக்கம் போகாம பண்ணிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லல்ல. என் தொழில் அது. எங்க கசியுதுன்னு பாக்கணும், அடைக்கணும்.

கசியறது எதுன்னா அடித்தாளம். குரல், வயலின் எல்லாம் சுவத்துல முட்டி நின்னுடும். அடித்தாளம் நிக்காது, சுவரையே ஆட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். நான்தானே லவுட்னெஸ் போட்டு அதைத் தூக்கி விட்டிருக்கேன். பாருங்க இதுல இருக்கற வம்பை. மெதுவா வெச்சு நல்லாக் கேக்கணும்னா அடித்தாளம் வேணும். அது இருந்தா சுவரைத் தாண்டிடும். உங்க குழந்தை பக்கத்து ரூம்ல தூங்குதுன்னா இதைத்தான் நீங்க கவனிக்கணும்.

முதல்ல பாக்ஸைச் சுவத்துல இருந்து பிரிச்சு நடுவுக்குக் கொண்டாந்தேன். கொஞ்சம் குறைஞ்சுது. அடுத்து ஸ்டூல் மேல நேரா வைக்காம அடியில பந்து. அவன் கட்டிலுக்கு அடியில டென்னிஸ் பந்து நாலு கிடந்துச்சு, ஞாயித்துக்கிழமை தெருவுல கிரிக்கெட் ஆடுவானுங்க. அதை ஹாக்சா பிளேடு வெச்சு ரெண்டு ரெண்டா அறுத்தேன். எட்டு பாதி. ஒரு பாக்ஸுக்கு நாலு. அதிர்வு ஸ்டூலுக்கே இறங்காது. கடைசியா அவன் கட்டில் மெத்தை. இலவம்பஞ்சு, நல்ல கனம். அதைத் தூக்கி இந்தச் சுவத்துல சாத்தினேன். எல்லாம் வீட்ல இருந்த பொருள்தான், வெளிய ஒண்ணும் வாங்கல.

அளக்கறதுக்குப் போன். அதுல ஒரு ஆப் இருக்கு, சத்தத்தை எழுதி வெச்சுக்கும். அடுப்படியில மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னாடி போனை மறைச்சு வெச்சுட்டு வந்து பாட்டுப் போடுவேன். அப்புறம் எடுத்துப் பாப்பேன். முதல்ல முப்பத்தொம்பது காட்டுச்சு. பந்து வெச்சதும் முப்பத்தஞ்சு. மெத்தை சாத்தினதும் முப்பத்தொண்ணு. பாட்டே போடலன்னாலும் அந்த அடுப்படியில முப்பத்தொண்ணுதான் தம்பி. கசிவே இல்லன்னு அர்த்தம். இந்தப் பக்கம் பாட்டு முழுசாக் கேக்குது. கார்த்திகையில ஆரம்பிச்சு மாசியில முடிச்சேன். என் சர்வீஸ்லயே இவ்வளவு சுத்தமா ஒரு வேலை செஞ்சதில்ல.

நடுவுல நடந்ததையும் சொல்லிடறேன். நான் அடைக்க அடைக்க தட்டறது தள்ளித் தள்ளிப் போச்சு. ஏழு பத்துக்கு வந்தது ஏழரைக்கு வந்துச்சு. சரி, வேலை நடக்குதுன்னு நினைச்சேன். ஒரு நாள் ரெண்டுக்குப் பதிலா நாலு தட்டு. ஒரு நாள் தட்டவே இல்ல, சுவத்துல ஏதோ உரசற மாதிரி கேட்டுச்சு. மறுநாள் அடுப்படிக்குப் போய்ப் பாத்தா, சுவத்துல ஒரு எண்ணெய்க் கறை. ஒரு பொம்பளை தலை உயரத்துக்கு, வட்டமா. ரெண்டு வருஷம் முன்னாடிதான் வெள்ளையடிச்சது. 'சுவத்துல சாயாத மதி, கறை ஆகுது'ன்னேன். அவ பாத்திரம் விளக்கிக்கிட்டிருந்தா. சரின்னா.

மெத்தை சாத்தின அன்னிக்குத் தட்டல. மறுநாளும் தட்டல. வெளிய வந்தா கோதுமை தோசை. அப்பாடா, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். நாலாம் நாளு தோசையை வெச்சுட்டு, எனக்கு எதிர்ல நின்னுக்கிட்டு, 'சத்தம் வரலையே'ன்னா.

'இனிமே வராது. சரி பண்ணிட்டேன்.'

'யாரு சரி பண்ணச் சொன்னா?'

'நீதானே தினம் தட்டின?'ன்னேன்.

அப்பவாவது அவ ஏதாவது சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம், வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும். நேரா இந்த ரூமுக்குள்ள வந்தா. அவன் போனப்புறம் அவ உள்ள வந்தது அதுதான் முதல் தடவை. மெத்தையைப் பாத்தா. பீரோவைப் பாத்தா. குனிஞ்சு பாக்ஸுக்கு அடியில பந்தைப் பாத்தா. 'இதை அறுத்தீங்களா'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'வீணாக் கிடந்துச்சு'ன்னேன்.

நாலு நாள் கழிச்சு மன்னார்குடிக்குப் போயிட்டா, தங்கச்சி வீட்டுக்கு. பத்து நாள்ல வரேன்னு சொன்னா. பங்குனியில போனவ, இப்ப புரட்டாசி. ஆவணியில வருஷ காரியத்துக்கு வந்தா, மறுநாள் காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. அவ போனப்புறம் பாத்தா ஒரு பாதிப் பந்தைக் காணோம். ஏழுதான் இருக்கு. வலது பாக்ஸ் ஆடுச்சு. ஒரு அட்டையை மடிச்சு வெச்சிருக்கேன், பாத்து எடுங்க. எங்க போச்சுன்னு தெரியல. எலி கொண்டுபோயிருக்கும்.

தினம் போன் பண்ணுவா. மாத்திரை போட்டீங்களா, பால்காரன் வந்தானா, அவ்வளவுதான். போன வாரம் மட்டும், 'செட்டு இருக்கா?'ன்னு கேட்டா. அதுதான் அவ மனசுல இருக்குன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. 'விளம்பரம் குடுத்துட்டேன் மதி, இந்த வாரம் போயிடும், நீ நிம்மதியா வரலாம்'னேன். ஹலோ ஹலோங்கறேன், கட் ஆயிடுச்சு. டவர் இல்ல போல. அதுக்கப்புறம் அஞ்சு நாளா போன் வரல.

அவ வந்துடணும் தம்பி. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதுக்குத்தான் விக்கறேன். வருஷம் திரும்பியாச்சு, இப்ப சத்தமாவே வெக்கலாம், எவனும் கேக்க மாட்டான். ஆனா வெக்கத் தோணல. வீட்ல இப்ப இரைச்சலே இல்ல. ராத்திரி பகல் எப்ப அளந்தாலும் இருபத்தெட்டு. பாட்டுக் கேக்க இதைவிட நல்ல வீடு கிடையாது. உக்காந்து கேட்டா ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேக்க முடியல. எழுந்திரிச்சு அணைச்சிடறேன்.

இருங்க, போடறேன்.

கேட்டீங்களா? குமிழ் எங்க இருக்கு பாருங்க, கடிகாரமா நினைச்சா எட்டு மணி எடத்தைக் கூடத் தொடல. இப்ப நான் பேசறதைவிட மெதுவாத்தான் ஓடுது. அடித்தாளம் இருக்குல்ல? குரல் நடுவுல நிக்குதுல்ல? கையில மயிர் கூச்செடுக்குதா? அது வேர்வை ஆறறது. சரி, சரி, சிரிக்காதீங்க.

என்ன கேட்டீங்க? உங்க வீட்ல மெத்தையும் பந்தும் இல்லாம வெச்சா பக்கத்து ரூம்ல குழந்தைக்கு எப்படிக் கேக்கும்னா?

முப்பத்தொம்பதுன்னு சொன்னேனே.

முப்பத்தொம்பதுன்னா எப்படி இருக்கும்னா... அதுக்குப் பதில் எனக்குத் தெரியல தம்பி. நான் அந்தப் பக்கம் நின்னு கேட்டதே இல்ல. நான் இங்க இருப்பேன், போன் அங்க இருக்கும். போன்தான் கேட்டுச்சு. வேற ஆள் ஏது, ஒருத்தன் இங்க இருந்து போட, ஒருத்தன் அங்க நின்னு கேக்க.

நீங்க இருக்கீங்களே. ஒரு கை பிடிங்க. மெத்தையை அந்தப் பக்கமாத் தள்ளிடுவோம். கனமாத்தான் இருக்கும். ஆச்சு. இப்ப பாக்ஸைத் தூக்குங்க, பந்து உருளும், பாத்து. சுவத்தோட ஒட்டி வெக்கணும், தரையில அவன் வெச்ச தடம் இருக்கு பாருங்க, அதே எடம். லவுட்னெஸ் அமுக்கியே இருக்கட்டும். சேரை இங்க போட்டுக்கோங்க. நான் அடுப்படிக்குப் போறேன். போய், போடுங்கன்னு குரல் குடுக்கறேன், போடுங்க. இதே அளவு, கூட்டக் கூடாது. நான் சுவத்துல ரெண்டு தட்டு தட்டினா ஜீரோவுக்குத் திருப்பிடுங்க. புரிஞ்சுதா? ரெண்டு தட்டு. கதவைச் சாத்திக்கறேன்.

தம்பி! போடுங்க!

போட்டீங்களா? ஒண்ணும் கேக்கலையே. இருங்க, இருங்க. கறை இருக்கற எடத்துல காதை வெக்கறேன். நான் கொஞ்சம் குனியணும் அதுக்கு.

கேக்குது.

பாட்டு இல்ல தம்பி. என்ன பாட்டுன்னே தெரியல. குரல் இல்ல, வயலின் இல்ல, ஒண்ணும் இல்ல. டம்மு டம்முன்னு வருது, அது கூட காதுல வரல, கன்னத்துல வருது. உள்ள ஆள் இருக்குன்னு தெரியுது. அவ்வளவுதான் தெரியுது. ஏழு மணிக்கு வேலை விட்டு வந்து ரூம்ல உக்காந்திருக்கற மாதிரி.

தம்பி, கோவமாத் தட்டறவங்க பலமாத்தானே தட்டுவாங்க? அவ மெதுவாத்தான் தட்டுவா. தட்டிப் பாக்கறேன், இருங்க.

நின்னுடுச்சு.

நீங்கதான் நிறுத்துனீங்க, எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன், ரெண்டு தட்டினா நிறுத்துங்கன்னு. எனக்குத் தெரியும்.

தம்பி, செட்டு விக்கல. மன்னிச்சுக்கோங்க, அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மன்னார்குடிக்கு ஒரு போன் பண்ணணும் நான். ஃபேனைப் போட்டுக்கோங்க, சுவிட்ச் கதவுக்குப் பக்கத்துலதான். எவ்வளவு நேரம் வேணா உக்காருங்க. வெளிய மட்டும் வந்துடாதீங்க. கொஞ்ச நேரம் அந்தக் கதவைத் திறக்காதீங்க.